வழுவும் வழாநிலையும்: கணினி நிரலுக்குள் தமிழ் எழுத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முந்திரிக்காடுகள் சூழ்ந்த இவ்வரதராஜன்பேட்டையில், திங்கள் தவறாது கூடிக் கவிதை பேசும் ஓர் அவையில், "கணினி நிரலில் நேரும் பிழைகளும் அவற்றைக் களையும் முறையும்" என்னும் பொருளில் ஒரு தமிழாசிரியை பேச வருவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நான் கணினி கற்றவள் அல்லேன். ஆயினும் கடந்த சில திங்களாக ஒரு சிறு நிரலோடு மல்லாட நேர்ந்தது. அம்மல்லாட்டத்தில் இலக்கணம் எனக்குத் துணை நின்றது. என் அறியாமையோ ஓர் இழப்புக்குக் காரணமாயிற்று. இரண்டையும் மறைக்காமல் இம்மன்றத்தின் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மறைந்ததை நீவிர் அறிவீர். அவர்தம் துணைவியார் ஒருநாள் என் இல்லம் வந்து, சிறு தாளில் மடித்து வைத்திருந்த ஒரு நினைவுக்குச்சியை என் கையில் தந்தார். "அவர் எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுன்னு சொல்லுவாரு அம்மா. மலரு போடுறப்ப நீங்க பாத்துச் சேத்துக்கங்க" என்றார். அவர் கொடுத்தது வெறும் கருவியன்று. ஒரு வாழ்நாளின் கட்டளைக் கலித்துறைகள். அவற்றைப் படித்து, எழுத்தெண்ணிச் சரிபார்த்து, முதற்குறிப்பு அகரவரிசையில் அடுக்கித் தரும்படி ஒரு மேசைக்கணினிப் பயன்பாட்டை எழுதித் தர என் முன்னாள் மாணவி ஒருத்தி முன்வந்தாள். பணி எளிதென்றே இருவரும் எண்ணினோம்.

வழு என்னும் சொல்

நிரலில் நேரும் பிழையை ஆங்கிலத்தார் பூச்சி என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணிப்பொறியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டு, பணியாளர் அதனைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தனர். அக்குழுவிலிருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இந்நிகழ்வைப் பலகாலும் எடுத்துரைத்தமையால் அது புகழ்பெற்றது. எனினும் அச்சொல் பொறியாளரிடையே அதற்கு முன்பே வழங்கியதுதான்.

தமிழில் நாம் இதனை "வழு" என்கிறோம். களைதலை "வழுநீக்கம்" என்கிறோம். இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை எழுவகையாகப் பகுத்துக் காட்டியது நம் இலக்கணம். பகுத்தறிந்தால்தான் களைய இயலும் என்பது அதன் உட்பொருள். நிரலாளரும் மூவகையாகப் பகுப்பர். தொடர் அமைப்பில் நேரும் வழுவைக் கணினியே தடுத்து நிறுத்திவிடும். இயங்கும்போது நேரும் வழு நிரலை இடையில் வீழ்த்திவிடும். மூன்றாவது கருத்து வழு. நிரல் இடையறாது ஓடும், விடையும் தரும். ஆனால் அவ்விடை பிழையாக இருக்கும். முதலிரண்டும் கூச்சலிட்டு அறிவிக்கும் பகைவர். மூன்றாவது உடனிருந்தே கெடுப்பது. தமிழ் எழுத்தைக் கையாளும் நிரல்களில் பெரிதும் நேர்வது இம்மூன்றாம் வகையே.

மூன்று அடையாளங்கள்

நினைவுக்குச்சியைத் திறந்தபோது திரையில் தமிழ் இல்லை. சில கோப்புகளில் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கலந்து கிடந்தன. சிலவற்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எல்லாம் பாழ் என்றே நான் கருதினேன். மாணவி என்னைத் தேற்றி, "அம்மா, எல்லாம் ஒரே நோயில்லை, குறி பார்த்துத்தான் மருந்து சொல்லணும்" என்றாள். அவள் கற்பித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்து அழியவில்லை. அதனை வரைந்து காட்டும் எழுத்துரு அக்கணினியில் இல்லை என்பதே பொருள். எழுத்துருவை நிறுவினால் கவிதை கண்முன் வரும்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அக்காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். சான்றாக, பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்னும் சொல் கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கும். எழுத்துரு என்னும் ஆடையைக் களைந்தால் தமிழ் மறைந்துவிடும். ஆயினும் இதுவும் மீட்கத்தக்கதே. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் உரிய மாற்றியால் ஒருங்குறிக்குக் கொணரலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே தெரிந்தால் பெரும்பாலும் மீட்பில்லை. ஒருங்குறித் தமிழை, தமிழே அறியாத குறியேற்றத்தில் எவரோ சேமித்துவிட்டனர். ஒவ்வொரு குறியும் இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியே எஞ்சியது. உள்ளே வேறொன்றும் இல்லை.

அவையோரே, அந்த "எவரோ" நானே. கவிஞர் தம் இறுதிக் காலத்தில் ஒருங்குறிக்கு மாறி எழுதிய ஒரு கோப்பு இருந்தது. அதில் இரண்டு பாடல்கள். பழைய கணினி ஒன்றில் அவற்றை வெட்டி, ஓர் எளிய உரைக்கோப்பில் ஒட்டிச் சேமித்தேன். "சில எழுத்துகள் இழக்கப்படும், தொடரலாமா?" என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டது. நான் முழுதும் படியாமல் இசைவு தந்தேன். மூலக் கோப்பையும் சேமித்து மூடினேன். மறுநாள் திறந்தால் இரண்டு பாடல்களும் கேள்விக்குறிகள். பிழைச்செய்தியைப் படிக்க வேண்டும் என்பதும், மூலத்தைத் தொடாமல் படியெடுத்தே பணியாற்ற வேண்டும் என்பதும் எனக்கு அன்று புரிந்தன. ஏட்டுச்சுவடி ஒன்றை எந்த ஆய்வாளரேனும் திருத்தி எழுதுவாரா? கணினிக் கோப்பும் சுவடியே என்பதை நான் மறந்தேன்.

குறியேற்றத்தின் வரலாறு

இக்குழப்பம் ஏன் நேர்ந்தது என்பதையும் அறிதல் நலம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழைக் கணினியில் ஏற்றியவர் பலர். கனடாவில் சீனிவாசன் "ஆதமி"யை உருவாக்கினார், மலேசியாவில் முத்து நெடுமாறன் "முரசு"வைத் தந்தார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொணர உழைத்து 1999இல் மறைந்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் "மயிலை" எழுத்துருவைத் தந்ததோடு, 1998இல் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். ஒவ்வொருவரும் தத்தம் வழியில் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை வந்தது. இதனைத் தீர்க்க ஆர்வலர்கள் இணையவழிக் கூடி டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் பிறந்தன. 1991இல் முதற்பதிப்பு கண்ட ஒருங்குறி காலப்போக்கில் வலுப்பெற்றது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடங்கள். நம் எழுத்துகளோ 247. ஆகவே ஒவ்வோர் உயிர்மெய்யும் தனியிடம் பெறவில்லை. அகரம் ஏறிய மெய்யை அடியாக வைத்து, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அதன்பின் சேர்க்கின்றனர். மெய்யே முதல், அதன்மேல் உயிர் ஏறும் என்பது நம் ஒலியிலக்கணம். புள்ளி நீங்கினால் அகரம் ஏறியதாகும், ஏனைய உயிர் ஏறினால் வடிவு திரியும் என்பது வரிவடிவ இலக்கணம். ஒருங்குறி வரிவடிவத்தைப் பின்பற்றியது. நிரலாளர் இவ்வேறுபாட்டை உணராதபோதுதான் கருத்து வழுக்கள் தோன்றுகின்றன.

எழுத்தெண்ணுதல்

கட்டளைக் கலித்துறையில் நேரசையால் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்தும், நிரையசையால் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்தும் வருதல் வேண்டும். இதனை இங்குள்ள கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவியின் நிரலோ கவிஞரின் அடிகளுக்கு முப்பத்தைந்து என்றும் நாற்பது என்றும் கணக்குக் காட்டியது. எல்லாப் பாடலும் பிழை என்று தீர்ப்பும் அளித்தது.

பெரிய பாட்டை வைத்துக்கொண்டு தேடாமல், வழு தோன்றும் மிகச் சிறிய சான்றைக் கண்டுபிடி என்பது நிரலாளர் மரபு. ஆகவே "முந்திரிக்காடு" என்னும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டோம். நம் கணக்கில் எழுத்து ஏழு. ஒற்று நீக்கினால் ஐந்து. கணினி காட்டியதோ பதினான்கு. மு என்பது மகரமும் உகரக்குறியுமாக இரண்டு. ந் என்பது நகரமும் புள்ளியுமாக இரண்டு. இப்படி ஏழும் பதினான்காயின. அச்சொல்லைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் நாற்பத்திரண்டு பைட்டு. எழுத்து, குறி, பைட்டு என்னும் மூன்றையும் ஒன்றெனக் கொண்டதே வழுவின் வேர். பைட்டுக் கணக்கில் அளவு வைத்த தரவுத்தளம் ஒரு பெயரின் ஈற்றை நடுவில் வெட்டுவதும், ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டால் உயிர்க்குறிகள் அநாதையாகிப் புள்ளிவட்டத்தின்மேல் நிற்பதும் இதனால்தான்.

தீர்வை இலக்கணம் தந்தது. "உயிர்களையும் மெய்யுருக்களையும் மட்டும் எண்ணு, உயிர்க்குறிகளை விடு, வந்த தொகையிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழி, ஆய்தத்தைக் கணக்கில் கொள்ளாதே" என்றேன். முந்திரிக்காட்டில் மெய்யுரு ஏழு, புள்ளி இரண்டு, எஞ்சியது ஐந்து. மாணவி சில வரிகளில் அதனை எழுதி முடித்தாள். கவிஞரின் பாடல்கள் ஒவ்வொன்றாகச் சரியெனத் தேறின. அலகிட்டுப் பாவகை காட்டும் வினோத் ராஜனின் "அவலோகிதம்" போன்ற மென்பொருள்களும் இவ்வாறு இலக்கணத்தை உட்கொண்டு எழுந்தவையே.

அகரவரிசை

அடுத்து, பாடல் முதற்குறிப்பு அகராதி. கணினி தந்த வரிசையில் "கலகம், கலை, கல்வி" என வந்தது. நம் மரபில் "கல்வி, கலகம், கலை" என்றே வரும். "பவளம்" முந்தும், "பழம்" பிந்தும். கணினியிலோ பழம் முந்தியது. ஆய்தம் அகரத்திற்கும் முன்னே போய் அமர்ந்தது. குறியிடப்பட்ட எண்களின் வரிசையையே கணினி எழுத்து வரிசையாகக் கொண்டதுதான் காரணம். அவ்வட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்திற்கு முன் ழகரமும் நிற்கின்றன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின் நிற்கிறது.

இந்நேரத்தில் எனக்கு வீரமாமுனிவர் நினைவே எழுந்தது. நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழ் வளர்த்த அவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, நிகண்டுகளின் செய்யுள் அடைவை விட்டு, எவரும் எளிதில் தேடிக் காணும் வகையில் சொற்களை அகரவரிசையில் நிரல்படுத்தினார். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் மயங்கிக் கிடந்த எழுத்தைத் திருத்தியவரும் அவரே. தேடுவோர்க்கு வழி திறப்பதும், ஒன்றனை மற்றொன்றாக மயங்காமல் காப்பதும் ஆகிய அதே பணிதான் இன்று நிரலாளர் கையில் உள்ளது. "நிரல்" என்னும் சொல்லுக்கே வரிசை என்பதுதானே பொருள்! இவ்வரிசையை நாம் புதிதாகப் படைக்க வேண்டியதும் இல்லை. ஒருங்குறி அமைப்பின் மொழித்தரவுக் களஞ்சியத்தில் தமிழ் வரிசைமுறை உள்ளது. நிரலில் அதனை அழைத்தால் போதும். அழைக்க வேண்டும் என்று அறியாமையே குறை.

ஔவையைத் தேடி

மூன்றாவது வழுவே எங்களைப் பல இரவுகள் உறங்கவிடாமல் செய்தது. எழுத்தெண்ணும் நிரல் சரியான பின்னும், ஒரு பாடலின் ஓரடி மட்டும் பிழையென வந்தது. நேரசையால் தொடங்கிய அவ்வடியில் பதினேழு எழுத்து. "ஐயா ஒரு தடவை தவறியிருக்கலாம் அம்மா" என்றாள் மாணவி. நான் ஒப்பவில்லை. விரல் மடக்கி எண்ணினேன், பதினாறே வந்தது. கணினிக்கும் எனக்கும் இடையே ஓர் எழுத்து வழக்கு.

அதே வாரம் வேறொரு குறை தோன்றியது. அப்பாடல் ஔவையைப் பற்றியது. "ஔவை" என்று தேடினால் அது மட்டும் அகப்படவில்லை. கண்ணுக்கு எதிரே இருந்த சொல்லை, இல்லை என்றது நிரல். ஒரே பாட்டில் இரு வழுக்கள் என்றால் வேர் ஒன்றாகலாம் என்று மாணவி அச்சொல்லை ஒவ்வொரு குறியாகப் பிரித்துப் பார்த்தாள். விடை வெளிப்பட்டது. ஔகாரம் என்னும் ஒரே உயிரெழுத்துக்கு மாறாக, ஒகரமும் அதனை அடுத்து ளகரமும் தட்டப்பட்டிருந்தன. திரையில் "ஔவை"க்கும் "ஒளவை"க்கும் வேறுபாடு தெரிவதரிது. உள்ளே ஒன்றில் இரண்டெழுத்து, மற்றொன்றில் மூன்றெழுத்து. பதினேழாவது எழுத்து அந்த ளகரமே. கவிஞர் தவறவில்லை. அவர் யாப்பு வழாநிலையாகவே இருந்தது, விசைப்பலகையில்தான் வழு.

இவ்வகை மயக்கம் இன்னும் பல. "கொ" என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியாகவும் எழுத ஒருங்குறியில் இடமுண்டு. "ஸ்ரீ" என்பதைச் சகரத்தின் வடமொழி இணைகளான இருவேறு எழுத்துகளைக் கொண்டு இருவகையாக எழுதலாம். அவற்றுள் ஒன்று 2005இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. காணும் கண்ணுக்கு ஒன்று, தேடும் கணினிக்கு வேறு. ஒகரக்குறி போன்ற இணைகளை ஒருங்குறியின் இயல்பாக்க முறையே ஒன்றாக்கிவிடும். ஔகாரம், ஸ்ரீ ஆகியவற்றை அம்முறை அறியாது. நாமே விதி எழுத வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும் மாற்றிகளும் இங்கே இடறுகின்றன. கொம்புக்குப் பின் வரும் ளகரம் ஔகாரக் குறியா, எழுத்தா என்று அவை அறியா. எங்கள் முதல் மாற்றியில் "தெளிவு" என்னும் சொல் "தௌ" என்று ஒட்டிக்கொள்ள, இகரக்குறி துணையற்றுப் புள்ளிவட்டத்தின்மேல் தனித்து நின்றது. ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது எழுத்தே என்னும் விதியைச் சேர்த்தோம், தெளிவு பிறந்தது. எஞ்சிய சில இடங்களைத் தமிழறிந்த கண்தான் தீர்க்க வேண்டும்.

சுவடிப் பதிப்பும் வழுநீக்கமும்

இவ்வளவும் முடித்தபின் ஓர் உண்மை புலனாயிற்று. இது நமக்குப் புதிய கலையன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் எதிர்கொண்டது புள்ளியில்லாத ஏடுகளை. ரகரமும் காலும் வேறுபடாத எழுத்தை. குறிலும் நெடிலும் மயங்கிய கொம்பை. பல ஏடுகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடு குறித்து, பொருளோடும் யாப்போடும் பொருத்தி அவர் தெளிந்தார். நிரலாளர் செய்வதும் அஃதே. மூலத்தைப் படியெடு, பிழைச்செய்தியை முழுதும் படி, வழு மீண்டும் தோன்றும் மிகச் சிறிய சான்றைப் பிடி, ஒருநேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, மாற்றியதைக் குறித்துவை. பலவற்றை ஒருசேர மாற்றினால், எது தீர்த்தது என்று அறியாமல் அடுத்த வழுவை நாமே விதைத்துவிடுவோம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. நிரல் கற்கும் பிள்ளைகளே, எழுத்ததிகாரத்தை ஒருமுறையேனும் படியுங்கள். தமிழாசிரியப் பெருமக்களே, அவர்கள் கேட்க வரும்போது "கணினி எனக்குத் தெரியாது" என்று கதவடைக்காதீர்கள். எழுத்தென்பது யாது என்னும் வினாவுக்கு நாம் விடை சொல்லவில்லையெனில், கணினி தன் விருப்பப்படி ஒரு விடை சொல்லிக்கொள்ளும்.

கவிஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் படைப்புகளை ஒருங்குறியில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் அதன் பெயரைக் கோப்பிலேயே குறித்து வையுங்கள். இரு வேறு இடங்களில் படி வையுங்கள். தாளிலும் ஒன்று இருக்கட்டும்.

இறுதியாக, நான் இழந்த இரு பாடல்கள். அவற்றுள் ஒன்றைக் கவிஞர் நம் கூட்டத்தில் பாடியிருந்தார். செவிவழி அதனை நெஞ்சில் இருத்தியிருந்த அன்பர் ஒருவர் நான்கடியும் பிழையின்றிச் சொன்னார். நிரலில் இட்டோம், எழுத்து இம்மியும் பிசகவில்லை. அப்பாடல் இம்மலரில் உள்ளது. மற்றொன்று கிடைக்கவில்லை. அதன் பொருள் யாது என்றும் நான் அறியேன். திறந்து படிக்கும் முன்பே அழித்துவிட்டேன். அவர்தம் துணைவியாரிடம் இதனை ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "யாருக்காச்சும் கையால எழுதிக் குடுத்திருப்பாரு அம்மா, கேட்டுப் பாருங்க" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன். அவர் கையெழுத்தில் ஒரு தாள் உங்கள் எவரிடமேனும், ஏதேனும் ஒரு நூலின் இடையில் இருக்கக்கூடும். வீட்டிற்குச் சென்றதும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் வட்டத்தில் சேருங்கள். என் வழுவை நீக்க எனக்கு வேறு வழியில்லை.